கொடி வரிசையின் முனையில்

வைன் செய்கிறவன் குடிகாரனாகத்தான் இருப்பான் என்று ஊரில் ஒரு நினைப்பு. எனக்குத் தேநீரே போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. என் தோட்டத்து வைனை நான் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியதுதான் அதிகம். அங்கே அப்படித்தான் செய்வார்கள்.

அங்கே என்றால் பிரான்சில், போர்டோவில். இளவயதில் கொழும்பில் ஒரு பிரெஞ்சு வியாபாரியின் வீட்டில் சமையலுக்கு நின்றேன். அவர் ஊர் திரும்பியபோது என்னையும் கூட்டிப் போனார். ஆற்றோரத்தில் அவருடைய திராட்சைத் தோட்டம். ஆறு என்று பேர்தான். கடலை நெருங்கும் இடத்தில் நம்முடைய வாவியைப்போல அகன்று கலங்கிக் கிடக்கும். நிலம் முழுக்கக் கூழாங்கல். பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். அந்த வைன் நாவற்பழச் சாறு போலக் கறுத்த சிவப்பு. முதலில் துவர்க்கும், பிறகுதான் பழம் தெரியும்.

ஒவ்வொரு கொடி வரிசையின் முனையிலும் ஒரு ரோசாச் செடி நட்டிருந்தார்கள். அழகுக்கு என்று நினைத்தேன். அப்படியல்ல. சாம்பல் நோய் வந்தால் முதலில் ரோசாவைத்தான் பிடிக்கும். அதன் இலை வெளுத்த உடனே கொடிகளுக்கெல்லாம் கந்தகம் தூவிக் காப்பாற்றிவிடுவார்கள். "அப்ப ரோசா?" என்று முதலாளியிடம் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

ஊருக்கு வந்து பீற்றிஸைக் கட்டினேன். உன்னிச்சைக் குளத்துக்குக் கிட்டக் காடு வெட்டிக் கொடி நட்டேன். நெல் விதைக்கிற மண்ணில் நோபேட் என்கிற இந்தப் பைத்தியக்காரன் என்ன நடுகிறான் என்று வயல்வட்டைக்காரர்கள் சிரித்தார்கள். கொடி காய்த்தது. பழம் சிறிது, புளிப்பு. ஆனாலும் சிவப்பு வைன் வந்தது.

குளத்தடி என்றால் நுளம்புக்கடி. மாரி முடிந்ததும் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். எனக்கு மூன்று பிள்ளைகள், ஐயா. மூன்றையும் எனக்குப் பிடிக்கும்.

பீற்றிஸின் தங்கை றோஸ்மேரி மாங்கேணியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கடலோடு போய்விட்டான். சின்ன மகள் எமிலியோடு தனித்து நின்றவளை நானே போய்க் கூட்டி வந்தேன். எங்கள் வீடு மேட்டில் இருந்தது. அவளுக்குக் கொடி வரிசைகள் முடிகிற இடத்தில், குளக்கட்டுக்குக் கீழே மண்வீடு ஒன்று கட்டிக் கொடுத்தேன்.

"மச்சான், இந்த உதவிய நான் செத்தாலும் மறக்க மாட்டன்," என்றாள்.

கோயிலில் சுவாமியார் என்னைப் பற்றி நல்லபடி பேசினார்.

காய்ச்சலுக்குக் கொயினாதான் மருந்து. பிள்ளைகள் அந்தக் கசப்பை வாயில் வைக்கமாட்டார்கள். அதனால் வைனில் கரைத்து, சீனி போட்டு, ஒவ்வொரு கரண்டி கொடுப்பேன். றோஸ்மேரிக்கும் எமிலிக்கும் வேறு போத்தல். அதே வைன், அதே சீனி. கொயினாவுக்குப் பதில் வேப்பம்பட்டை. கசக்க வேண்டும் அல்லவா? கசக்காவிட்டால் மருந்தில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

மழை விட்டிருந்த ஒரு பின்னேரம் கொடிகளுக்கு நடுவில் நின்றேன். மண்வீட்டில் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் எமிலி நடுங்கிக்கொண்டிருந்தாள், பல்லோடு பல் அடிபட. நான் திரும்பி மேட்டுக்கு ஓடி, பீற்றிஸையும் பிள்ளைகளையும் மட்டக்களப்புக்கு மாட்டுக்கரத்தையில் ஏற்றினேன்.

"தங்கச்சியையும் ஏத்துவமே," என்றாள் பீற்றிஸ்.

"காய்ச்சல்காரப் பிள்ளைய நம்மட பிள்ளையளோட ஏத்துறதா? நான் இஞ்ச நிண்டு பாக்கிறன். நீங்க போங்க."

அவள் என்னை நம்பினாள். அந்தக் காய்ச்சலில் அக்கம்பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் போயின. என்னுடைய மூன்றும் மட்டக்களப்பில் ஓடி விளையாடின. எமிலி அந்தக் கிழமையே போனாள். பிறகு றோஸ்மேரி படுத்தாள்.

"மச்சான், இந்த மருந்து கேக்குதில்லையே. இன்னும் கொஞ்சம் கூட்டித் தாங்க," என்றாள்.

கூட்டித்தான் கொடுத்தேன். கரண்டியில் அல்ல, கோப்பையில். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.

அவளைப் புதைத்த பிறகு அந்தக் கட்டிலைக் கொளுத்தினேன். ஆனாலும் பொழுது சாய்ந்தால் அது ஆடும். போய்ப் பார்ப்பேன், வெறுந்தரை. ஒரு நாள் கொயினாப் போத்தலைக் கொண்டுபோய் அந்தத் தரையில் வைத்தேன். விடிந்து பார்த்தபோது வைத்தபடியே நிறைந்திருந்தது. சத்தம் நிற்கவில்லை. இங்கேயும் கேட்கிறது. உங்கள் காவலர் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்.

பீற்றிஸ் திரும்பி வந்து, தங்கையின் சாமான்களை எடுக்க மண்வீட்டுக்குப் போனாள். மேட்டுக்கு ஏறி வந்தபோது கையில் றோஸ்மேரியின் மருந்துப் போத்தல். எங்கள் போத்தலையும் எடுத்து, இரண்டிலும் விரல் நனைத்து நாக்கில் வைத்தாள்.

"இஞ்சேருங்க, இது ரெண்டும் ஒரே கசப்பில்லையே?"

"அது வேப்பம்பட்டை."

"தங்கச்சிக்குக் கொயினா குடுக்கல்லையா?"

"குடுத்தா காய்ச்சல் வெளியில தெரியாது பீற்றிஸ். அங்க தெரிஞ்சாத்தானே நம்மட பிள்ளையள நேரத்தோட கிளப்பலாம்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன், பாருங்கள். அவள் அழவில்லை. இரண்டு போத்தலையும் நிலத்தில் ஊற்றிவிட்டு உங்களிடம் வந்தாள்.

கொயினா தட்டுப்பாடா என்று கேட்டீர்கள். இல்லை. ஆசுபத்திரி அப்போதிக்கரி ஐயா தாராளமாகத்தான் கொடுத்தார். அலமாரி நிறைய இருந்தது. றோஸ்மேரிக்கும் எமிலிக்கும் காய்ச்சல் வரவேண்டும் என்பதற்காகவே அவர்களை அங்கே குடிவைத்தேன். வந்ததும் அது முற்றும்வரை விட்டுவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

என் பிள்ளைகள் இப்போது கசப்பான எதையும் குடிக்க மறுக்கிறார்களாம். பீற்றிஸும் வற்புறுத்துவதில்லையாம். நீங்கள் அவளிடம் சொல்லுங்கள், ஐயா. நான் ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன். இனி அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று வந்தால், அந்தப் பாவம் அவளுடையது.