ஆறு மெழுகுவர்த்தி

பிறந்தநாள் கேக் வாங்குவதில் எனக்குக் கைராசி உண்டு. கிளீவ்லேண்டில் என் வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்த யாரையும் கேளுங்கள், ஸ்டான் டூடெக் கொண்டுவந்த கேக் ஒருநாளும் காய்ந்திருந்ததில்லை என்பார்கள்.

லட்ரீஸ், ஏழைகளின் வாடகையை அரசாங்கமே கட்டும் சீட்டோடு வந்தவள். மூன்று வருடம் காத்திருந்து வாங்கிய சீட்டு. அறுபது நாளுக்குள் வீடு அமையாவிட்டால் செல்லாது. அவள் வந்தது ஐம்பத்தெட்டாம் நாள். இடுப்பில் கியாரா, இரண்டு வயது.

சிக்கல் அங்கேதான். ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், உரிந்த பழைய பெயின்டை உரிமம் பெற்ற ஆள் வந்து எடுத்து, தூசியைச் சோதித்துச் சான்று தரவேண்டும். அந்தக் காலத்துப் பெயின்டில், குழந்தையின் மூளையைக் கெடுக்கும் ஈயம். என் ஜன்னல்களோ என்னைவிட மூத்தவை. ஏற்றி இறக்கினாலே பெயின்ட் மாவாகக் கொட்டும். ஆறு முடிந்த குழந்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. படிவத்தில் ஆறு என்று எழுதினேன்.

லட்ரீஸ் அதைப் பார்த்தாள். "கையெழுத்துப் போடறேன். ஆனா ஜன்னல மாத்திக் குடுத்துடுவீங்கல்ல, மிஸ்டர் டூடெக்?"

பனி உருகட்டும் என்றேன். எந்த வருடத்துப் பனி என்று அவள் கேட்கவில்லை.

வீட்டைச் சோதிக்க அரசாங்க ஆய்வாளன் ஹார்லன் வந்த அன்று, ஆறு மெழுகுவர்த்தி ஏற்றிய கேக்கோடு தயாராக இருந்தோம். அவன் குழந்தையைப் பார்த்தான். மெழுகுவர்த்தியை எண்ணினான்.

"ஆறு வயசுன்னா பல்லு விழணுமே, ஸ்டான். இவளுக்கு இன்னும் முளைச்சே முடியல."

"உன் முடி கொட்டின வேகத்துல ஊருக்கே எல்லாம் கொட்டுமாடா?"

சிரித்தபடி இரண்டு துண்டு தின்றுவிட்டு, படிவத்தில் எல்லாம் சரி என்று குறி போட்டான்.

சாயங்காலம் அம்மாவின் பேருந்து வரும்வரை கியாரா ஜன்னலில் நிற்பாள், விளிம்பை நக்கிக்கொண்டு. அந்தப் பெயின்ட் இனிக்கும். சிறுவயதில் அதே ஜன்னலில் நானும் ருசித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று என் இரண்டு மனைவிகளைத் தவிர எல்லோரும் சொல்வார்கள். அவள் நக்குவதை வாசலில் நின்று பலமுறை பார்த்தேன். தடுக்கவில்லை. தடுத்தால், பனி உருகிவிட்டதே என்று லட்ரீஸ் ஆரம்பிப்பாள்.

போன மாதம் லட்ரீஸ் குழந்தையின் இரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாள். சத்தம்கூடப் போடவில்லை.

"அஞ்சு வயசாச்சு. ரெண்டு வயசுப் பேச்சுதான் பேசறா. இனிமே சரியாகாதுன்னுட்டார் டாக்டர்."

ஈயம் என்று தெரியும். நக்குகிறாள் என்றும் தெரியும். இரண்டையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று: நான் அந்தக் குழந்தைக்கு நாலு வயது கூட்டித்தான் கொடுத்தேன். குறைத்தவன் நானல்ல.