அளவு மாறாத கார்பன்

அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு தம்பதி. அந்த அம்மாவின் மடியில் துண்டு சுற்றிய மூட்டை.

"ஜன்னலச் சாத்துங்க. சாரல் பட்டா இதுக்கு ஆவாது" என்றார் கணவரிடம்.

துண்டு விலகியபோது பார்த்தேன். மரச்சிற்பம் தேய்க்கும் கைக் கிரைண்டர்.

"மோட்டார்ல ஒரு கார்பன் கட்டைய மாத்த மிஷினையே தூக்கியாரணுமா? தேஞ்ச பழசக் காட்டுனா போதாதா?" என்றார் கணவர்.

"போன வாரம் பழசத்தான குடுத்தனுப்புனேன்! தேஞ்சு குட்டையாப் போனத அளவு வச்சு, புதுசையும் அதே உசரத்துக்கு உரசிக் கொண்டாந்தீங்க. மிஷின் சுத்துமா? நாளைக்குப் புள்ளையார முடிச்சுக் குடுத்தாவணும். கடைக்காரரு வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னாரு. நாந்தான் வெளிய வந்து படிக்கட்டுல உரசுனேன்."

"ஏன்?"

"இதே மாதிரி வாங்கியாங்க, ஒரு நூல் கூட மாறக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

அந்த அம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மூட்டையைத் தூக்கிக் கணவர் மடியில் வைத்தார்.

"கெட்டியாப் புடிங்க. இனிமே நான் சொல்றத அப்படியே செஞ்சிடாதீங்க."

"சரி. நீ சொன்னா சரி" என்றார் அவர்.