கல்லு மாதிரி இருந்த பிரேக்

— இறால் ஊறுகாய்க் கடைக்குள்ள காரோட போனவன் இந்த மோக்போ ஊர்லயே நான் ஒருத்தன்தான். இன்னும் வாடை போகலை, ஓக்புன். பூனையெல்லாம் பின்னாலயே வருது.

— நல்லவேளை, கடைக்காரி காபி வாங்கப் போயிருந்தா. காலை நீட்டுங்க கிழவரே, பிளாஸ்திரி ஒட்டணும். வலதை இல்ல, வீங்கினதை.

— ஐயோ, மெதுவா! நாளைக்கு கோர்ட்டுக்கு நடந்து போகணும். கார் கம்பெனி வக்கீல், “பே சில்போக் ஐயா, உங்க வயசு என்ன?”ன்னு மரியாதையாத்தான் ஆரம்பிப்பான். பிரேக்கைத் தொடவே இல்லை, ஆக்சிலேட்டரைத்தான் மிதிச்சீங்கன்னு வண்டியே பதிஞ்சு வச்சிருக்காம்.

— நீங்க என்ன சொல்லப் போறீங்க?

— உள்ளதைத்தான். வண்டி தானா பாஞ்சுது. நான் பலங்கொண்ட மட்டும் மிதிச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு, அமுங்கவே இல்லை.

— ஊறுகாய்க்காரிக்குத்தான் இன்சூரன்ஸ் கொடுத்துட்டாங்களே. வழக்கை விட்டுடுங்களேன். வயசானவங்க லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தா பஸ் கார்டு தர்றாங்களாம்.

— விபத்தே இல்லாத டாக்சி டிரைவர்னு மெடல் குத்தின சட்டை பீரோவுல தொங்குது. தோத்தேன்னா அதை வச்சு அடுப்பு துடைக்க வேண்டியதுதான். எனக்கு இருக்குற சாட்சி ரெண்டு. ஒண்ணு, புது வண்டிக்குப் பூசை போட்டப்போ நூல் சுத்தி டிக்கியில வச்ச கருவாடு. இன்னொண்ணு நீ. கேட்டா கருவாடாவது முறைக்குது.

— நான் குனிஞ்சிருந்தேன்னு சொல்லிட்டேனே. ஆரஞ்சு கீழ உருண்டுடுச்சு.

— உன் ஆரஞ்சு எப்ப உருளாம இருந்துச்சு? நாம முதல்ல பார்த்த அன்னைக்கும் அதே மேடுதான்.

— ஆமா. அதே மேடு.

— ஜெஜு தீவுக் கப்பல்ல இருந்து கூடையோட இறங்கினே. என் பச்சை டாக்சி பாதி மேட்டுல நின்னுபோய், பின்னால உருள ஆரம்பிச்சுது. பழமெல்லாம் தெருவுல! நீ என்னைத் திட்டின திட்டு துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

— திட்டினேன். அப்புறம் உங்க காலைப் பார்த்தேன். இடது கால் கிளட்சை மிதிச்சுக்கிட்டு, வலது கால் ஆக்சிலேட்டரைத் தடவிக் கொடுக்கும். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி மேல ஏத்தினீங்க. இந்த மனுசனோட எங்க வேணும்னாலும் போகலாம்னு தோணுச்சு.

— இத்தனை வருசம் நீ என் மூஞ்சியைப் பார்த்துத்தான் மயங்கினேன்னு நினைச்சேனே!

— மூஞ்சியா? நல்ல கதை.

— போன மாசம் அந்த மேட்டுலயும் இதே கதைதான் ஓடுச்சு. “எப்படி ஏத்தினீங்க, மறுபடி சொல்லுங்க”ன்னு நீதான் கேட்டே. சொல்லிக்கிட்டே வந்தேன், கடை வந்துடுச்சு.

— போதும் விடுங்க. கஞ்சி ஆறுது.

— ஆறட்டும். ஓக்புன், இங்க பாரு. ஜட்ஜுக்கு நீ என்ன வேணும்னாலும் சொல்லு. எனக்கு மட்டும் நேரா ஒரு பதில் சொல்லு. குனிஞ்சப்போ என் காலைப் பார்த்தியா? நான் மிதிச்சேனா, இல்லையா?

— மிதிச்சீங்க. முட்டி வீங்குற அளவுக்கு, இந்த இடது காலாலதான் மிதிச்சீங்க. கிளட்சே இல்லாத வண்டி அது, அங்க வெறும் தரைதான் இருந்துச்சு. வலது கால் ஆக்சிலேட்டர் மேல. அந்த மேட்டுல நீங்க ஓட்டினது நம்ம பச்சை டாக்சியை. அதுல உங்களை ஏத்தி உட்கார வச்சது நான்.