வெள்ளைச் சங்குப்பூ பூத்த வீடு

— இது நம்ம வீட்டுப் பூ இல்லயே.

— எது?

— இந்தா... இந்தச் சங்குப்பூ. நம்ம வேலியில கெடக்கது நீலம். இது வெள்ளையால்ல இருக்கு.

— வெயில் பட்டு வெளுத்துத் தெரியும்.

— வேலியுமா வெளுத்துப் போச்சு? நம்மது கம்பி வேலி. இது செங்கச் சுவரு.

— போன இங்க குடு, மாரி.

— குடுக்கேன். செத்த நேரம் பொறுங்க.

புருஷனின் போனை நோண்டும் பழக்கம் மாரிக்கனிக்குக் கிடையாது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் விஜயபாண்டி தோட்டத்துச் செம்பருத்தியைப் படம் எடுத்த கையோடு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு அந்தப் படத்தை அனுப்பலாமே என்றுதான் அவள் எடுத்தாள். தள்ளத் தள்ள வேறு என்னென்னவோ வந்தது. அவர் தலை துவட்டிக்கொண்டு வரும்வரை காத்திருந்து கேட்டாள்.

ராணுவத்தில் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து, ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிற மனுஷன். பூவை ஏறிட்டும் பார்க்காதவர். கார்த்திகை மாசத்திலிருந்துதான் இந்தக் கிறுக்கு. அய்யனார் கோவில் ரோட்டில் அவர்கள் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டம் உண்டு. அதில் தேன்சிட்டு வந்தாலும் கீரி வந்தாலும், ஓணான் வந்து தலையாட்டினாலும், போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குடி, சீட்டு என்று போகாமல் பூ, குருவி என்று போகிறாரே என அவளும் விட்டுவிட்டாள். இப்போது பார்த்தால் படங்களில் பாதி அவள் தோட்டமே இல்லை.

— வெள்ளிக்கிழமை, பதினொண்ணு பத்துனு போட்டிருக்கு. அந்நேரம் வேனை மரத்தடியில விட்டுட்டுத் தூங்குவேன்னுல்ல சொல்லுவீக?

— தூங்காத நாளும் உண்டு.

— தூங்காத நாளு யார் வீட்டுக்குப் போனீக?

— ஏட்டி, என்ன பேச்சு இது...

— கொடியில ஒரு நைட்டி தொங்குது. நாவப்பழக் கலரு.

— நான் செம்போத்த எடுத்தேன். நீ நைட்டியப் பாக்க.

— செம்போத்து எங்க இருக்கு?

— நைட்டிக்குப் பின்னால. சுவரு மேல.

— ஆமா, இருக்கு... சரி, செம்போத்து உக்காந்திருக்கது யார் வீட்டுச் சுவரு?

— வன்னியம்பட்டியில ஒரு வீடு.

— அதான், யாரு வீடு?

— அடுத்த படத்தத் தள்ளு.

தள்ளினாள். கட்டிலில் எட்டு வயசுப் பெண்பிள்ளை ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. காதோரம் ஒரு வெள்ளைச் சங்குப்பூவைச் செருகிக்கொண்டு, முன்பல் இல்லாத வாயால் சிரித்தது.

விஜயபாண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். பிள்ளையின் பெயர் ஸ்ரீஜா. மூன்றாம் வகுப்பு. அவருடைய வேனில் வருகிற பிள்ளை. கார்த்திகை மழையில் வேனைவிட்டு இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. தகப்பன் பட்டாளத்தில் இருக்கிறான். தாய் பாண்டிசெல்வி மட்டுந்தான் வீட்டில். படுத்த படுக்கையாகக் கிடக்கிற பிள்ளைக்கு, வெளியே தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது, என்ன வந்து போகிறது என்று பார்க்க ஆசை. அதற்காகத்தான் போனில் எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். அங்கே எடுத்தது போதாமல், இங்கே வருகிற கீரியையும் தேன்சிட்டையும் எடுத்துக்கொண்டு போவார். உள்ளே நுழையும்போதே, இன்றைக்கு யார் வந்தார்கள் என்று கேட்குமாம் பிள்ளை.

— நல்ல காரியந்தான.

— ம்.

— அத எதுக்கு எங்கிட்ட மறைக்கணும்? நானும் ஒரு தூக்குல எதாச்சும் செஞ்சு குடுத்துவிட்டிருப்பேன்ல.

— சொல்லணும்னுதான் நெனச்சேன்.

— ரெண்டு மாசமாவா நெனச்சீக?

அவர் துவட்டிய தலையை மறுபடியும் துவட்டினார். மாரிக்கனிக்கு நைட்டியால் வந்த சந்தேகம் போய்விட்டது. போன இடத்தில் நிம்மதி வரவேண்டும், வரவில்லை. பிள்ளைக்குப் பூ காட்டப் போகிறவர் முகம் எதற்காக இப்படித் திருடன் முகம் மாதிரி இருக்கிறது? வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், மகளுக்கு அனுப்ப நினைத்த செம்பருத்திப் படத்துக்கே திரும்பிப் போனாள். பூ நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு விரலால் விரித்தாள்.

— இது இன்னைக்கு எடுத்ததா?

— ஆமா. அடுக்குச் செம்பருத்தி. தொட்டியில பூத்தது.

— எம்புட்டுப் பக்கத்துல நின்னு எடுத்தீக?

— ஒரு முழம் இருக்கும். எதுக்குக் கேக்க?

— பூவுக்குக் கீழ என்ன இருக்கு, பாருங்க.

— தொட்டி.

— தொட்டிக்கு இந்தப் பக்கம்.

— என்னது... கயிறா?

— கண்ணாடி விரியன். சுருண்டு கெடக்கு. உங்க கால் கட்டவிரலு கூடப் படத்துல விழுந்திருக்கு.

அவள் கம்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். தொட்டியைச் சுற்றித் தேடிப் பார்த்தாள். பாம்பு எப்போதோ போய்விட்டது. வேலியோரம் வரைக்கும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் அதே இடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இருட்டிலே தேள் ஊர்ந்தால்கூட முதலில் பார்த்தவர் அவர்தான். அந்த ஆள் முழம் தூரத்தில் கிடந்த விரியனை எப்படிப் பார்க்காமல் போனார் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

— நீங்க பாக்கவே இல்லயா?

— பூவப் பாத்தேன்.

— பூவுக்கும் பாம்புக்கும் ஒரு சாண் இல்ல.

— அந்த ஒரு சாண்தான் எனக்குத் தெரியாது, மாரி.

— என்ன சொல்லுதீக?

— நேராப் பாத்தாத் தெரியும். சுத்தி இருக்கது தெரியாது. குழாய்க்குள்ள கண்ண வச்சுப் பாக்க மாதிரி... போட்டோ எடுத்தா அம்புட்டும் இந்தச் சின்னப் போனுக்குள்ள வந்துருது. அதப் பாத்துத்தான் எது எங்க இருக்குனு எனக்குப் புரியும். இன்னைக்கு எடுத்துட்டுப் பாக்காம விட்டுட்டேன்.

— எப்ப இருந்து?

— ஒரு வருஷம் இருக்கும். வயசாயிருச்சுனு நெனச்சேன். கார்த்திகைக் கடைசியில கூட்டாளி மக கல்யாணம்னு மதுரைக்குப் போனேன்ல... கல்யாணம் இல்ல. கண்ணாஸ்பத்திரி.

— அங்க என்ன சொன்னாக?

— கண்ணுல அழுத்தம். போன பார்வை போனதுதான். மருந்து விட்டா மிச்சம் நிக்குமாம்.

— அய்யோ... வேன் ஓட்டுதீகளே.

— ஓட்டல. ரெண்டு மாசம் ஆச்சு. இடுப்பு வலின்னு சொல்லிச் சாவியக் குடுத்துட்டேன்.

— அப்ப தெனமும் காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு எங்க போறீக?

— பஸ் ஏறி வன்னியம்பட்டிக்கு. சம்பளம்னு உங்கிட்டக் குடுத்தது சேத்து வச்ச பணம்.

மாரிக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிலைவாசலில் அவர் தோள் இடித்துக்கொண்டதும், தண்ணீர்ச் செம்பை நாலு தடவை தட்டிவிட்டதும் இப்போது ஞாபகம் வந்தது. கவனமில்லாத மனுஷன் என்று அவள் வைதிருக்கிறாள். கண் போனது புரிந்தது. பாம்பு தெரியாமல் போனதும் புரிந்தது. ஆனால் ஒரு வருஷமாகப் பொறுத்துக் கிடந்தவர், திடீரென்று ஒரு நாள் ஏன் மதுரைக்கு ஓடினார்? சாவியை ஏன் கொடுத்தார்? எல்லாம் கார்த்திகையிலேயே வந்து நின்றது.

— அந்தப் பிள்ள எப்படி விழுந்துச்சு?

— மழை. படியெல்லாம் ஈரம். வழுக்கிருச்சுனுதான் எல்லாரும் சொல்லுதாக.

— நீங்க என்ன சொல்லுதீக?

— மழைதான்...

— உங்களத்தான் கேக்கேன்.

— பிள்ளைகள எறக்கிவிடுத ஆயா அன்னைக்கு லீவு. நான் சைடு கண்ணாடியில பாத்தேன். யாரும் இல்ல. கியரப் போட்டு எடுத்துட்டேன். பிள்ள ஒரு கால்தான் கீழ வச்சிருக்கு... இன்னொரு கால் படியிலயே இருந்திருக்கு.

— யார்கிட்டயாச்சும் சொன்னீகளா?

— இப்பத்தான். உங்கிட்ட.

அவள் வையவும் இல்லை, அழவும் இல்லை. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கோயம்புத்தூருக்குப் போய்விடுவாளோ என்று பயந்து, எங்கே கிளம்பினாய் என்று கேட்டார். வன்னியம்பட்டிக்கு, நீங்களும் சட்டையைப் போடுங்கள் என்றாள். காக்கிச் சட்டை வேண்டாம், வேறு போடுங்கள் என்றும் சொன்னாள்.

பஸ் ஏறினார்கள். அவருக்கு ஆறுதல் சொல்வதா, சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று வழி முழுக்க அவளுக்குப் பிடிபடவில்லை. இறங்கும்போது மட்டும், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நாலு பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.

வெள்ளைச் சங்குப்பூ படர்ந்த செங்கல் சுவர், படத்தில் பார்த்தது போலவே இருந்தது. பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பாண்டிசெல்வி கையைக் கழுவிவிட்டு எழுந்து நாற்காலி போட்டாள். முப்பது வயசு இருக்கும். விஜயபாண்டி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னார், அன்றைக்கு ஆயா லீவு என்பதைச் சொன்னார், கண்ணாடியில் பார்த்ததையும் கியர் போட்டதையும் சொன்னார். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தார்.

மாரிக்கனி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ அதிர்ச்சியோ ஒன்றும் வரவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் சும்மா நின்றாள். அதுதான் மாரிக்கனியை இன்னும் குழப்பியது.

— அவிய சொன்னது கேட்டுச்சாம்மா?

— கேட்டுச்சு, மதினி.

— ஒண்ணும் சொல்லாம நிக்கியே. வையணும்னா வஞ்சிரு. போலீசுக்குப் போகணும்னாலும் போ. நாங்க தடுக்க மாட்டோம்.

— அன்னைக்கு அண்ணாச்சி மழையில பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்து எங் கையில குடுத்தாகள்ல... அப்பவே "வேன் நகந்துருச்சும்மா"ன்னு ஸ்ரீஜா எங் காதுக்குள்ள சொல்லிட்டா. நீங்களா எப்பச் சொல்லுவீகன்னுதான், அண்ணாச்சி, இந்த ரெண்டு மாசமா உங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.