செவுத்துல இருந்த பன்னெண்டு அட்டை

இல்லம்மா, இது என் எடம்தான். மூணாவது சீட்டு, சன்னலாண்ட. பதினாறு வருசமா மாமல்லபுரத்துல இந்த ரெண்டே கால் வண்டிலதான் ஏறுறேன். கண்டக்டர வேணா கேட்டுப் பாரு. வேற எடத்துல உக்காந்தா எனக்கு வயித்தப் பொரட்டும். ஆங்... கொஞ்சம் அந்தாண்ட நவுந்துக்கோ. அவ்ளோதான். நல்லா இரு.

செங்கல்பட்டா போற? நானும் அங்கதான். எப்பவும் திருக்கழுக்குன்றத்துல எறங்கிடுவேன், வூடு அங்க. இன்னிக்கு செங்கல்பட்டு போயி, வண்டி மாறி, கருங்குழி போவணும். இந்த முட்டி வலியோட! யாருக்காக? ஒரு பொண்ணுக்காக. அன்பரசின்னு பேரு. அன்பாம், அரசியாம்... அரசி மாரிதான் நம்மள அலைய வுட்டுகினு கீறா.

பீச்சாண்ட ரிசார்ட்டு கீது இல்ல, அங்க நான் லினன் ரூமு இன்சார்ஜு. பெட்ஷீட்டு, டவலு, தலகாணி ஒற, எல்லாம் நம்ம கைய தாண்டித்தான் ரூமுக்குப் போவும். எட்டு மாசம் முன்ன இந்தப் பொண்ண கொண்டாந்து வுட்டாங்க. இருவத்தேழு வயசு. ஆட்டிசமாம். எச்.ஆர். சுஜாதா மேடம் எங்க எல்லாரையும் உக்கார வெச்சி மீட்டிங்கு போட்டுச்சி. ஒவ்வொருத்தர் மூள ஒவ்வொரு மாரி வேல செய்யுமாம், சொல்றத நேரா சொல்லணுமாம், சத்தம் ஆவாதாம், திடீர்னு எதையும் மாத்தக் கூடாதாம். நானு கேட்டேன், மேடம், எனக்கு முட்டி ஒரு மாரி வேல செய்யுது, அதுக்கு எப்போ மீட்டிங்குன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. மேடமும் சிரிச்சிச்சி. மறுநாளு எனக்கு ஒரு ஸ்டூல் வந்துடுச்சி... அது வேற கத.

ஃபேன் விசயம் கேளு. எங்க ரூமு ஃபேனு கடகடகடன்னு அடிச்சிகினே இருக்கும். ஆறு வருசமா சொல்றேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல. இவ வந்தா, காத மூடினா, மூணாவது நாளு புது ஃபேனு! எப்டி இருக்கும் எனக்கு? சொல்லு. ...ஆமா, சாயங்காலம் ஆனா வர தலவலி இப்போ வரதில்ல. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?

பேச்சுன்னா பேச்சு... அப்பப்பா! கொஞ்ச நேரத்துல வரேன்டின்னா, "கொஞ்சம்னா எத்தினி நிமிசம்க்கா?"ங்கும். சாப்டியான்னு கேட்டா, "நேத்தும் இதே நேரத்துக்குக் கேட்டீங்க"ங்கும். பேரன் காது குத்துன கதய சொல்லிகினு இருக்கேன், "இது ஏழாவது தடவ"ங்கறா! எண்ணிகினே இருந்திருக்கா, பாரேன்.

அப்புறம் அந்த அட்டைங்க. மேடமும் அவளும் உக்காந்து எழுதினது. பன்னெண்டு அட்ட, செவுத்துல வரிசையா. ஒவ்வொண்ணுலயும் மணி, வேல, ஒரு படம். கற பட்டது செவப்புக் கூடை. மடிப்பு வெளிய பாத்தாப்புல வெக்கணும். டபுள் பெட்ஷீட்டு எந்தத் தட்டு, கொழந்த பெட்ஷீட்டு எந்தத் தட்டு... ரூம் பசங்க கண்ண மூடிகினு எடுத்தாலும் சரியா இருக்கும். இந்த எட்டு மாசத்துல ஒரு கம்ப்ளெயிண்டு கெடயாது. பொய் சொல்லக் கூடாது இல்ல.

ஆனா போன வாரம் பாரு... ஆயுத பூஜைக்கு மொத நாளு அவளுக்கு லீவு. பூஜைக்கு ரூம கழுவாம இருப்பாங்களா? தட்டெல்லாம் எறக்கி, தொடச்சி, செவுத்தத் தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, ஜம்முனு இருந்துச்சி. பூஜ அன்னிக்கு காலைல அவ வரா. வாசல்லயே நின்னுட்டா. தட்டு இடம் மாறிப் போச்சி. செவுத்துல அட்ட இல்ல.

"அட்ட எங்கக்கா?"

யாரோ எடுத்துட்டாங்க போலன்னேன்.

"யாரு?"

யாரோ-டி.

அவ்ளோதான். வரவன் போறவன் எல்லாரையும் கேட்டுகினே கீறா, யாரு எடுத்தாங்க, யாரு எடுத்தாங்க. அன்னிக்கு ரூமெல்லாம் ஃபுல்லு. புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு, பதினாலாம் நம்பரு, அவங்களுக்கு யான பொம்ம போட்ட கொழந்த பெட்ஷீட்டு போயிடுச்சி! அந்தப் பையன் கட்டில்ல விரிச்சிப் பாத்திருக்கான், முட்டிக்கு மேல வரலயாம். சிரிக்காத. மேனேஜர் பரணிதரன் ஓடியாந்து கத்துறாரு. இவ டவல் வண்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல போயி காதப் பொத்திகினு உக்காந்துட்டா. பதினோரு மணிக்கு எழுந்தா, பைய எடுத்தா, நடந்து போயிட்டா. தெனம் ரெண்டு பஸ்ஸு மாறி வர பொண்ணு. ஒரு நாளு லேட்டு கெடயாது. இன்னியோட மூணு நாளா வரல.

மேனேஜரு சொல்லிட்டாரு, நாளைக்கு ஏழு மணிக்கு வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு. எனக்கு இன்னா? வேற ஆளு வந்தா வரட்டும். சாப்டியான்னு கேட்டா சாப்டேன்க்கான்னு சொல்ற ஆளா வரட்டும்!

...திருக்கழுக்குன்றம் மல தெரியுது பாரு. என் ஸ்டாப்பு. கண்டக்டரு பாக்குறாரு, இன்னா இது எறங்கலயேன்னு. போ நைனா, போ, செங்கல்பட்டுக்கு டிக்கெட்டு எடுத்துட்டேன்.

இன்னா கேக்குற? யாரு எடுத்தாங்கன்னா? நீயும் அதே கேள்வியா!

...

பழைய அட்டம்மா. ஓரமெல்லாம் மடங்கி, கை பட்டு கருத்துப் போயி. பூஜ அன்னிக்கு செவுத்துல அது இருந்தா நல்லாவா கீது? வாடின மாலையோட சேத்து... குப்பைல போட்டேன். ஆமா. நாந்தான். தட்ட மாத்தினதும் நாந்தான். எலுமிச்ச வெக்க எடம் வேணும்னு.

சொல்லியிருக்கலாம். வாய் வரல. மேனேஜரு எதிர்ல, வந்து எட்டு மாசமான பொண்ணு கேட்டு, பதினாறு வருசமா இருக்கறவ நான்... எப்டி?

என் டம்ளரு ஒண்ணு கீது, பச்சக் கோடு போட்டது. அத எவனாவது எடுத்துட்டான்னா அன்னிக்கு பூரா எனக்கு கையும் ஓடாது காலும் ஓடாது. ஒரு தடவ காணாப் போனப்போ கிச்சனயே ரெண்டாக்கிட்டேன். தேடிக் குடுத்தது அவதான்.

நேத்து அவ அம்மா ரெஜினாவுக்கு போன் பண்ணேன். புது அட்ட எழுதித் தரேன், வரச் சொல்லுன்னேன். அது சொல்லுது, "அட்டைக்காக இல்லக்கா. யாரு எடுத்தாங்கன்னு தெரியணுமாம். தெரியாத எடத்துக்கு எப்டி போறதுங்கறா"ன்னு. போன அவகிட்ட குடுன்னேன். போன்ல பேச மாட்டாளாம். எழுதிக் குடுத்தா படிப்பாளாம்.

அதான் இன்னிக்கு காலைல குப்பக் கொட்டற எடத்துக்குப் போயி, மாலையெல்லாம் நவுத்தி, பொறுக்கிட்டேன். பன்னெண்டும் பைல கீது. குங்குமம் ஒட்டிகினு கீது, அத இன்னா பண்றது. எட்டு மாசமா தெனம் அது எதிர்லதான் நின்னேன். ஒரு அட்டையக் கூட முழுசாப் படிச்சதில்ல. இன்னிக்குத்தான் படிச்சேன். இத பாரு, ஏழாவது. அவ கையெழுத்து.

"பத்தரை மணி. அம்சா அக்கா பேசுவாங்க. கேட்கணும். பத்து நிமிடம்."

அம்சா நாந்தான்.

பத்து நிமிசமாம்! கொழுப்பு பாத்தியா? படம் வேற. ஸ்டூலு, டம்ளரு. டம்ளர்ல பச்சக் கோடு.

இந்த மூணு நாளா பத்தர மணிக்கு நான் வாயத் தொறந்தா... ரூமுல தலகாணிங்கதாம்மா கீது.

பேனா வெச்சிருக்கியா? குடேன். இது பின்னாலயே எழுதிடறேன். வண்டி ஆடுது, கொஞ்சம் அட்டையப் புடி. "அன்பரசிக்கு, பண்டிக நாளா இருந்ததால செவுத்தத் தொடைக்கும்போது, யாரு மேலயும் தப்பு இல்லாம"... சே. வேணாம். இத அடிச்சிடறேன். அவ கேட்டது இதுவா?

"அட்டைய நான் எடுத்தேன். நீ கேட்டப்போ பொய் சொன்னேன். நாளைக்கு ஏழு மணிக்கு மேனேஜர்கிட்ட நானே சொல்லுவேன். அம்சா."

போதுமா? இவ்ளோதானா? இதுக்கா மூணு நாளு...

அட, செங்கல்பட்டு வந்துடுச்சி. எங்கம்மா ஓடுற? இன்னும் வண்டியே நிக்கல! யம்மா! பேனா... உன் பேனா! நாளைக்கு இதே வண்டில குடுத்துடறேன்! கொஞ்சம் முன்ன பின்ன... இல்ல, இல்ல. ரெண்டே கால் மணி! மூணாவது சீட்டு! சன்னலாண்ட நீயே உக்காந்துக்கோ!