இரண்டு தண்ணீரும் ஒரே கடலும்

தலைமை ஏற்றிருக்கும் சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் தனகோடி ஐயா அவர்களே! சாயம் ஏறிச் சிவந்த கைகளோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ஓடும் தறியை நிறுத்திவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! சேவூரிலிருந்தும் களம்பூரிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என் பெயர் ஜினமதி. சுற்றுலாவால் பிழைக்கும் ஊரை அந்தச் சுற்றுலாவே தின்றுவிடாமல் காக்க வழி உண்டா என்று ஆராய்வது என் வேலை. அதற்காக 2002இல் செஷல்ஸ் என்னும் தீவு நாட்டுக்குப் போனேன். பட்டுக்காரர்களுக்கு எதற்குத் தீவுக்கதை என்கிறது பின்வரிசை. கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

கடல் நீலமா? நீலம். மணல் வெள்ளையா? வெள்ளை. கடலில் கழிவு கலக்கிறதா? அங்கேதான் வாய்கள் மூடிக்கொண்டன! படகுக்காரர்களும் விடுதிக்காரர்களும் வாசலில் நின்று "எல்லாம் சுத்தம்" என்றார்கள். கதவைச் சாத்திய பிறகு, "பெரிய ஓட்டல்தான் கழிவுநீரை விடுகிறது. எங்கள் பெயர் வேண்டாம், அவர்களை நம்பித்தான் பிழைக்கிறோம்" என்றார்கள். பெயர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஊரில் ரங்கம்மாளைச் சந்தித்தேன். சேவூரில் பிறந்தவர். தச்சு வேலைக்குப் போன கணவர் சின்னதுரையோடு அங்கேயே தங்கிவிட்டவர். கடற்கரையில் இடுப்பில் கட்டும் துணிக்குச் சாயம் போட்டு, அதே ஓட்டலின் கடைக்கு விற்றுவந்தார்.

"ஆரணியா நீ? ஜல்தி உள்ள வாம்மா, தோசை ஊத்தறேன்" என்றார். ஓட்டலைப் பற்றிக் கேட்டேன்.

"மழை பேஞ்சா போதும், குழாயத் தொறந்து வுட்டுடறான். எல்லாரும் பார்த்துகினுதான் கீறாங்க."

"உங்க சாயத் தண்ணி எங்கக்கா போவுது?"

தோசையைத் திருப்பிப் போட்டார். அப்புறம்தான் சொன்னார்: "அதுவும் அங்கதாம்மா போவுது."

அதிகாரிகளும் ஊராரும் கூடிய கூட்டத்தில் என் ஆய்வை வாசித்தேன். ஓட்டல் மேலாளர் எழுந்தார். "யார் சொன்னது? ஒரே ஒருவரைக் காட்டுங்கள்!" படகுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். விடுதிக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். வாக்குக் கொடுத்த நான் வாய் திறக்கவில்லை. "அப்படியானால் இதை ஏற்க முடியாது" என்றார் அதிகாரி.

கடைசி வரிசையில் ரங்கம்மாள் எழுந்தார். சின்னதுரை முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு, பொழப்பு பூடும்!"

அவர் உட்காரவில்லை. அந்த ஊர்க் கிரியோல் மொழியில் சொன்னார்: "நான்தான் சொன்னேன். என் சாயத் தண்ணீரும் அதே கடலில்தான் விழுகிறது. முதலில் என்னுடையதைச் சோதியுங்கள், பிறகு அவருடையதை!"

கைதட்ட வேண்டாம், மீதியையும் கேளுங்கள். சோதித்தார்கள். இரண்டிலும் நஞ்சு இருந்தது. ரங்கம்மாளின் சாயத்தொட்டிக்கு உடனே பூட்டு விழுந்தது. ஓட்டலுக்கு அவகாசம் கிடைத்தது. ஓட்டல் கடைக்கு ரங்கம்மாள் கொடுத்த துணியெல்லாம் திரும்பி வந்தது. அநியாயம் என்கிறார் முன்வரிசைப் பெரியவர். ஆம் ஐயா, அநியாயம்தான். அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

"பேஜாராப் போச்சேக்கா" என்று அவர் வீட்டில் போய் நின்றேன்.

"போனது போச்சு. வெளிய யாரு வந்துகினு கீறாங்க பாரு" என்றார்.

மண்வெட்டியோடு படகுக்காரர்கள்! அவருக்கு வடிகட்டும் குழி வெட்டினார்கள். மணலும் கரியும் கொட்டினார்கள். பிறகு தங்கள் சொந்தப் பெயரிலேயே ஓட்டல்மீது புகார் கொடுத்தார்கள். ஓட்டல் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நிலையத்தைக் கட்டியே தீரவேண்டி வந்தது. ரங்கம்மாளுக்கு அந்த வியாபாரம் திரும்பவில்லை. சின்ன விடுதிகளுக்கு விற்கிறார். வருமானம் குறைவுதான்.

அன்பர்களே! அடுத்தவர் குழாயைக் காட்ட யாருக்கு விரல் இல்லை? எனக்கில்லையா? உங்களுக்கில்லையா? தன் வாய்க்காலை முதலில் காட்டிவிட்டு அடுத்தவர் குழாயைக் காட்டிய விரலை நான் ஒருமுறைதான் பார்த்தேன். நம் கமண்டல நாகநதிக்கு எந்தப் பட்டறைத் தண்ணீர் போகிறது? தோல் பதனிடுவோரைக் கை காட்டிவிட்டு வீடு போய்விடலாமா? நாளை நான் பட்டறைத் தண்ணீரைச் சோதிக்க வரும்போது, முதல் குடுவையை யார் வீட்டு வாசலில் நிரப்புவேன்? யார் எழுவீர்கள்?

தலைவர் எழுகிறார். ஒலிபெருக்கி இல்லாமல் பேசுகிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன்: "என் பட்டறைலயே ஆரம்பிச்சிக்கம்மா."

நன்றி ஐயா. காலையில் வருகிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.