மஞ்சளில் அலசிய சூரைமீன்

விழாத் தலைவர், இந்த வெக்கையிலும் மேல்துண்டு கலையாமல் வீற்றிருக்கும் பெரியவர் பொன்னுரங்கம் அவர்களே, கரியாலூரின் மூத்தோர்களே, அடுப்பே மூட்டாமல் அறுசுவை ஆக்கிக் காட்டிய அன்னையர்களே, முடிவுக்காகக் காத்திருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

அழைப்பிதழில் மே இருபத்திரண்டு என்று அச்சாகியிருக்கிறது. இன்று 2023ஆம் ஆண்டு மே மாதம் இருபத்தொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. திருத்தாமல் என்னால் மேலே பேச இயலாது.

களைத்திருக்கிறேன். காலை முதல் நடுவராய் ருசித்து நாக்கு நலிந்தது. நின்று கால் நொந்தது. "உக்காந்துகினே பேசுங்க ஐயா" என்கிறார் முன்வரிசை அம்மையார். உட்கார்ந்தால் எழமாட்டேன், தாயே.

இந்த அடுப்பில்லாச் சமையல் போட்டியில் வெல்பவருக்கு, அருவிக்குப் போகும் பாதையில் இந்தப் பருவம் முழுவதும் உணவுக்கடை நடத்தும் உரிமை. போட்டிக்கு வந்த ஆனந்தமேரிக்கு அது வெறும் பரிசா? திருக்கோவிலூரில் அவர் நடத்திய சிற்றுண்டிக்கடை கடந்த பிப்ரவரி பதினான்காம் தேதி சாலை விரிவாக்கத்தில் இடிபட்டது. அன்றிலிருந்து களையெடுக்கும் கூலி வேலை.

அவர் செய்ய வந்தது சூரைமீன் சாலட். அண்ணன் சவரிமுத்து குவைத்திலிருந்து கொண்டுவந்த டப்பா மீன். வேகவைத்து எண்ணெயில் அடைத்தது. கடலும் இல்லாத, ஐஸும் இல்லாத மலைக்கு அதைவிடத் தோதானது எது? கிண்ணத்தில் கொட்டிவிட்டு ஆனந்தமேரி வெள்ளரி நறுக்கத் திரும்பினார். துணைக்கு வந்த தைலம்மாளின் கை சும்மா இருக்குமா? மீனைக் கண்டால் நம் வீட்டுக் கைகள் என்ன செய்யும்? கல்லுப்பு, மஞ்சள், மூன்று தண்ணீர்!

"இன்னாக்கா மீனு இது, அலச அலச கரையுது?"

"அடிப்பாவி, அது வெந்த மீனுடி."

"அப்ப மொதல்லயே சொல்றது இல்லியா? என்னாலதான் இந்தக் கடையும் போச்சா?"

"அழுதுகினு நிக்காத. தண்ணியக் கொட்டிடாத. அந்த வெள்ளத் துணிய எடு."

வடிகட்டினார்; பிழிந்தார். உப்பு ஏறிவிட்டது, ஆகவே உப்பே சேர்க்கவில்லை. மஞ்சளின் பச்சை வாடைக்கு எலுமிச்சையும் மிளகும். கரிப்புக்கு அன்னாசித் துண்டுகள் கூடுதலாய். சிவந்த தக்காளி, பசிய வெள்ளரி, ஊதாச் சின்ன வெங்காயம், நடுவே பொன்னிறச் சூரை. மீதமிருந்த கால்மணி நேரம் முடியுமுன் தட்டு மேசைக்கு வந்தது.

உடன் நடுவர் சின்னதுரை கேட்டார்: "மஞ்சா தடவினாங்களே, இன்னா, கொழம்புக்கா?" சிரித்தோம். பிறகு உண்டோம். பிறகு அவரே தட்டை வழித்தார். மறுக்காதீர்கள், சின்னதுரை, சட்டையில் சாட்சி இருக்கிறது.

இதைவிடச் சுவையான தட்டு இன்று இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் மலைப்பாதையில் வளைந்து வளைந்து, வயிறு காய்ந்து வருகிறவனுக்கு யார் வேண்டும்? எல்லாம் சரியாய் இருக்கையில் சமைப்பவரா? தண்ணீர் நின்றாலும், தக்காளி நசுங்கினாலும், கூட்டாளி கை தவறினாலும், அவளை ஒரு சொல்லாலும் சுடாமல், அடுத்த தட்டை அழகாய் நீட்டுபவரா? அடிக்கடி தவறும் இவ்வுலகில், அள்ளிச் சேர்க்கும் கையன்றோ அன்னமிடும் கை!

ஆகவே, ஆனந்தமேரி, கடை உங்களுடையது.

என்ன, கூட்டாளி வராமல் மேடையேற மாட்டாராமா? நியாயம். தைலம்மாளே, முந்தானையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு வாருங்கள். சாவியில் பாதி உங்களுக்கு என்று அவரே சொல்கிறார்.

ஆக்கிய கைகளுக்கும் பொறுத்த செவிகளுக்கும் நன்றி பாராட்டி, வணங்கி விடைபெறுகிறேன்.